பாடத்துக்கு அப்பாலும் குழந்தையைக் கவனிக்கும் ஏற்பாட்டைப் பள்ளியில் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

குழந்தையின் மதிப்பெண்ணோடு அதன் உடல்நலம், மனநலம், நட்பு, பாதுகாப்பு ஆகியவற்றையும் தன் பொறுப்பாக ஏற்க முடிவெடுத்துவிட்ட பள்ளிக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. ஏன் ஏற்க வேண்டும் என்ற விவாதத்துக்குள் இது போகவில்லை. குழந்தையின் ஆளுமை, தனித்திறன், மன ஆற்றல், உடல் ஆற்றல் ஆகியவற்றை முழு அளவுக்கு வளர்ப்பதைக் கல்வியின் நோக்கங்களுள் முதலாவதாக 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை தன் 29-ஆவது பிரிவில் வைத்துவிட்டது. எப்படிச் செய்வது என்பதில்தான் பள்ளிகள் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றமும் பெரும்பாலும் எதை முதலில் செய்வது என்பதில் நேர்கிறது.

ஆர்வத்தோடு இறங்கும் பள்ளி, எடுத்த எடுப்பில் ஒரு சொற்பொழிவு வைத்து, "மனதில் எது இருந்தாலும் ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்" என்று அறிவித்துவிடுகிறது. அதை நம்பிச் சில குழந்தைகள் சொல்லியும் விடுகிறார்கள். கேட்ட ஆசிரியருக்கோ அடுத்து யாரிடம் போவது, எதை எழுதி வைப்பது, பெற்றோரிடம் சொல்லலாமா கூடாதா என்று எதுவும் தெரியாது. குழந்தை சொன்னது எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிடும். அல்லது ஆசிரியர் அறை முழுவதும் பரவிவிடும். இரண்டில் எது நடந்தாலும் அந்தக் குழந்தை மறுமுறை வாய் திறக்காது. ஆகவே, கேட்பதற்கு முன்னால் செயல்படுவதற்கான ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதே கீழுள்ள படிகளின் வரிசைக்கு அடிப்படை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பணம் அதிகம் தேவைப்படாது. ஆனால் நான்கு விஷயங்கள் இல்லாமல் தொடங்கக் கூடாது: தலைமையாசிரியரின் எழுத்துபூர்வமான ஒப்புதல், கால அட்டவணையில் குழுவுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு பாடவேளை, பூட்டி வைக்கக்கூடிய ஓர் அலமாரி, கதவு திறந்திருக்கும்போதும் பேச்சு வெளியே கேட்காத, ஆனால் உள்ளே இருப்பவர்களை வெளியிலிருந்து பார்க்க முடிகிற ஓர் இடம்.

கடைசியாகச் சொன்ன இடத்தைப் பல பள்ளிகள் அற்பமாக நினைக்கின்றன. அலுவலக வாசலில் நிற்க வைத்துப் பேசினால் குழந்தை சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே ஓரிரு சொல்லில் பதில் சொல்லும். பூட்டிய அறையில் தனியே பேசுவதோ குழந்தைக்கும் பாதுகாப்பன்று, ஆசிரியருக்கும் பாதுகாப்பன்று.

1. பொறுப்பாளர் ஒருவரையும் சிறு குழுவையும் தேர்ந்தெடுங்கள்

"இது எல்லோருடைய பொறுப்பு" என்று அறிவித்தால் அது யாருடைய பொறுப்பாகவும் இருக்காது. குழந்தையைப் பற்றிய கவலை எழுந்தால் அது வந்து சேர வேண்டிய ஒரே பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் விடுப்பில் இருக்கும் நாளுக்கு இரண்டாவது பெயரும் வேண்டும்.

பொறுப்பாளரைச் சுற்றி நான்கைந்து பேர் போதும்: கீழ் வகுப்புகளிலிருந்து ஒருவர், மேல் வகுப்புகளிலிருந்து ஒருவர், விளையாட்டு ஆசிரியர், ஆலோசகரோ செவிலியரோ இருந்தால் அவர், ஆசிரியரல்லாத பணியாளர் ஒருவர். விளையாட்டு ஆசிரியரைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. யார் அணியில் சேர்க்கப்படாமல் நிற்கிறார், யார் ஓடினால் மூச்சு வாங்குகிறார், யார் உடை மாற்றத் தயங்குகிறார் என்பதெல்லாம் முதலில் அவர் கண்ணில்தான் படுகின்றன.

பதவி மூப்பைப் பார்த்துப் பொறுப்பாளரை நியமிப்பது வழக்கமான பிழை. குழந்தைகள் தாமாகவே யாரிடம் போய்ப் பேசுகிறார்கள் என்று கவனித்து, அவரையே கேட்டுப் பாருங்கள். அவருக்குப் பாடவேளைகளைக் குறைத்துக் கொடுக்காமல் இந்தப் பொறுப்பை மட்டும் கூட்டினால், ஒரு பருவத்துக்குள் அவர் களைத்துவிடுவார்.

2. ரகசியத்தின் எல்லையை எழுதி வையுங்கள்

குழந்தை சொன்னதை யாரிடம் சொல்லலாம் என்பதற்கு ஒரு பக்கத்துக்கு மேற்படாத விதி போதும். உதவி செய்வதற்கு எவருக்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ, அவருக்கு அவ்வளவு மட்டும் சொல்வது என்பது அதன் சாரம். பெற்றோர் பிரிந்து வாழ்வதால் ஒரு மாணவி வாரம் மாறி வாரம் இரு வீடுகளில் தங்குகிறாள் என்றால், வீட்டுப்பாட நோட்டு ஏன் மாறிப்போகிறது என்ற அளவுக்குக் கணித ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும்; பிரிவின் காரணம் அவருக்குத் தேவையில்லை.

அதே பக்கத்தில் விலக்கும் இருக்க வேண்டும். குழந்தைக்கோ அதன் வழியே வேறு குழந்தைக்கோ தீங்கு நேரும் அச்சம் இருந்தால் ரகசியம் காக்கப்பட மாட்டாது. அன்றே பொறுப்பாளருக்குச் சொல்லப்படும். இதைக் குழந்தைகளுக்கும் முன்கூட்டியே எளிய சொற்களில் சொல்லிவிட வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை மீறுவதைக் காட்டிலும், "உன்னைப் பாதுகாக்கத் தேவைப்பட்டால் மட்டும் இன்னொருவரிடம் சொல்வேன், சொல்வதற்கு முன் உனக்குத் தெரிவிப்பேன்" என்று முதலிலேயே சொல்வது நேர்மையானது. குழந்தைகள் இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

3. உதவி போகும் பாதையை வரைந்து, ஒருமுறை நடந்து பாருங்கள்

பள்ளிக்குள் தீர்க்க முடியாதவை வந்தே தீரும். கண் மருத்துவம், செவித்திறன் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, குழந்தை மனநல மருத்துவம், குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு, உணவுக்கோ உடைக்கோ உதவும் அமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரியும் ஒரு தொலைபேசி எண்ணும் பட்டியலில் இருக்க வேண்டும்.

எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வோர் எண்ணையும் அழைத்து, எந்த வயதுக் குழந்தைகளைப் பார்க்கிறார்கள், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், கட்டணம் உண்டா, பெற்றோர் உடன் வர வேண்டுமா, என்ன தாள்கள் தேவை என்று கேட்டு எண்ணுக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். தற்கொலை எண்ணம் வெளிப்பட்ட மாலை வேளையில் பட்டியலில் உள்ள எண் பயன்பாட்டில் இல்லை என்று தெரியவருவதை எந்தப் பள்ளியும் அனுபவிக்கக் கூடாது. பருவத்துக்கு ஒருமுறை பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பைக் குழுவில் ஒருவருக்குக் கொடுங்கள்.

பாதையின் பள்ளிக்குள் இருக்கும் பகுதி இன்னும் எளிது: கவனித்தவர் எழுதுகிறார், பொறுப்பாளரிடம் தருகிறார், பொறுப்பாளர் முடிவெடுக்கிறார், எடுத்த முடிவைக் கவனித்தவருக்குத் திரும்பத் தெரிவிக்கிறார். இந்தக் கடைசிக் கண்ணிதான் எப்போதும் அறுந்துபோகிறது. தான் எழுதிக் கொடுத்தது என்னவாயிற்று என்றே தெரியாத ஆசிரியர் இரண்டாவது முறை எழுத மாட்டார். விவரங்கள் வேண்டாம், "பார்த்துவிட்டோம், இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்ப்போம்" என்ற ஒரு வரி போதும்.

4. பள்ளி நாளைக் குழந்தையின் கண்ணால் பாருங்கள்

புதிய திட்டம் எதையும் சேர்ப்பதற்கு முன், இப்போது இருப்பதில் எது குழந்தையைத் துன்புறுத்துகிறது என்று பாருங்கள். குழு உறுப்பினர் ஒருவர் காலை வாயில் திறப்பதிலிருந்து மாலை கடைசிக் குழந்தை போகும் வரை ஒரு வகுப்பைப் பின்தொடரட்டும். குடிநீர் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது, சாப்பிட எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது, எந்த நேரத்தில் எந்தப் பகுதியில் பெரியவர் ஒருவர்கூட இல்லை என்பவற்றை அவர் குறிக்க வேண்டும்.

பிறகு, பள்ளிக் கட்டடத்தின் எளிய வரைபடத்தை நகலெடுத்துக் குழந்தைகளிடம் கொடுங்கள். பிடித்த இடங்களுக்குப் பச்சை, பயமாகவோ சங்கடமாகவோ இருக்கும் இடங்களுக்குச் சிவப்பு. பெயர் எழுத வேண்டாம். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்கும்போது சிவப்பு ஓரிரு இடங்களில் குவிந்திருப்பது தெரியும்: கழிப்பறை, மாடிப்படித் திருப்பம், வாகனம் காத்திருக்கும் மூலை. அங்கே இடைவேளையில் ஒரு பெரியவரை நிறுத்துவதும், கழிப்பறைக் கதவின் உடைந்த தாழ்ப்பாளை மாற்றுவதும், ஒரு வார விழிப்புணர்வு விழாவைவிட அதிகப் பயன் தரும். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவிக்கு மதியத்துக்குப் பின் வரும் தலைவலி எந்த மனநல வகுப்பாலும் போகாது.

சிவப்புக் குறிகளில் ஒன்றையாவது ஒரு மாதத்துக்குள் சரிசெய்து, "நீங்கள் குறித்ததால் இது மாறியது" என்று குழந்தைகளிடம் அறிவியுங்கள். சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

5. ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியில் ஒரு பெரியவர் இருப்பதை உறுதிசெய்யுங்கள்

ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்று சொல்லும் பள்ளிக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதற்குத் தேவைப்படுவது ஒரு மாலை வேளையும் சில பெரிய தாள்களும்.

மாணவர்கள் எல்லோரும் போன பிறகு, வகுப்புவாரியாக அனைவரின் பெயர்களையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், நூலகர், சமையல் செய்பவர், வாகன ஓட்டுநர், காவலாளி என்று பள்ளியில் வேலை செய்யும் அனைவரையும் அழையுங்கள். ஒவ்வொருவரும், தமக்கு உண்மையிலேயே தெரிந்த குழந்தையின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைக்க வேண்டும். "தெரிந்த" என்பதற்கு அளவுகோல் கண்டிப்பாக இருக்கட்டும்: படிப்பைத் தவிர அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு செய்தியாவது சொல்ல முடிய வேண்டும். அது யாரோடு சேர்ந்து வீட்டுக்குப் போகிறது, எதைப் பற்றிப் பேசினால் அதன் முகம் மலர்கிறது, அண்மையில் வீட்டில் என்ன நடந்தது என்பது போல ஏதேனும் ஒன்று.

எல்லோரும் புள்ளி வைத்து முடித்ததும் சற்று விலகி நின்று தாள்களைப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் குழந்தைக்கும் அடிக்கடி தண்டனை பெறும் குழந்தைக்கும் எதிரே புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். நடுவில், எந்தப் புகாரும் இல்லாத, எந்தப் பரிசும் வாங்காத, கை தூக்காத குழந்தைகளின் பெயருக்கு எதிரே வெற்றிடம் இருக்கும். ஒரு புள்ளியும் இல்லாத அந்தப் பெயர்களே உங்கள் முதல் பட்டியல்.

அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குழந்தையையும் ஒரு பெரியவர் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் ஏற்றுக்கொண்டதைக் குழந்தைக்கு அறிவிக்கக் கூடாது. "இனிமேல் நான் உன்னைக் கவனிக்கப்போகிறேன்" என்று சொன்னவுடன் அது தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணிவிடும். செய்ய வேண்டியது சிறியது: வாரத்தில் சில நாட்கள், ஓரிரு நிமிடங்கள், பெயர் சொல்லி அழைத்து, படிப்பைத் தவிர வேறு எதையாவது பேசுவது. அடுத்த முறை அதை நினைவில் வைத்துத் தொடர்வது முக்கியம். "உன் தம்பிக்குக் காய்ச்சல் என்றாயே, சரியாகிவிட்டதா?" என்ற கேள்வி, தான் சொன்னது இவர் நினைவில் இருக்கிறது என்று குழந்தைக்கு உணர்த்துகிறது.

இங்கே மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன. தாள்களை மறுநாள் காலை வரை சுவரிலேயே விட்டுவிடுவது முதலாவது. புள்ளி இல்லாத தன் பெயரை ஒரு குழந்தை பார்ப்பதைவிடக் கொடியது வேறில்லை. அன்றே கழற்றிப் பூட்டி வையுங்கள். எல்லா வெற்றுப் பெயர்களையும் ஆலோசகர் ஒருவர் தலையிலேயே கட்டுவது இரண்டாவது. பழகத் தொடங்கிச் சில வாரங்களில் விட்டுவிடுவது மூன்றாவது. நடுவில் விட்டுவிடும் உறவு, தொடங்காத உறவைவிட அதிகம் காயப்படுத்தும். எத்தனை பேரிடம் கடைசி வரை பழக முடியுமோ, அத்தனை பேரை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

6. மனதைத் தேடுவதற்கு முன் உடலைப் பாருங்கள்

கவனமின்மை, எரிச்சல், ஒதுங்கியிருத்தல் ஆகியவற்றுக்கு உடனே மனத்தில் காரணம் தேடும் பழக்கம் பரவியிருக்கிறது. கண், காது, பசி, தூக்கம் ஆகிய நான்கையும் முதலில் பார்த்துவிட வேண்டும். இவற்றைக் கண்டறிவது எளிது, சரிசெய்வதும் பெரும்பாலும் எளிது.

மங்கலாகப் பார்க்கும் குழந்தை முறையிடாது. ஏனெனில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று அது நினைக்கிறது. 6 மீட்டர் தொலைவில் எழுத்து அட்டையை மாட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்லும் சோதனையை ஆசிரியரே கற்றுக்கொண்டு செய்யலாம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரு கண்ணையும் சேர்த்தே சோதித்தால், ஒரு கண் மட்டும் மங்கலாக உள்ள குழந்தை தப்பிவிடும். கண்ணாடி வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. கேலிக்குப் பயந்து அதைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறதா என்று ஒரு மாதம் பாருங்கள்.

செவித்திறனில் ஒரு நுட்பம் உண்டு. நடுக்காதில் நீர் கோத்திருக்கும் குழந்தைக்குச் சில நாள் நன்றாகக் கேட்கும், சில நாள் கேட்காது. இதைப் பார்ப்பவர்கள், "வேண்டுமென்றால் கேட்கிறான், வேண்டாமென்றால் கேட்பதில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

பசியை எல்லோர் முன்னிலும் கேட்காதீர்கள். காலையில் சாப்பிடாதவர்கள் கை தூக்குங்கள் என்றால் யாரும் தூக்க மாட்டார்கள். உணவு தரும் ஏற்பாடு இருந்தால், அது தேவைப்படுவோருக்கு மட்டும் தனி வரிசையாக இல்லாமல் எல்லோருக்கும் திறந்த மேசையாக இருக்கட்டும்.

விளையாட்டு வேளையும் இந்தப் படியைச் சேர்ந்ததே. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடல் இயக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. வீட்டுப்பாடம் முடிக்காததற்குத் தண்டனையாக விளையாட்டு வேளையைப் பறிப்பதை எழுத்துபூர்வமாக நிறுத்துங்கள். அசையாமல் உட்கார முடியாத குழந்தையிடமிருந்துதான் அந்த வேளை பெரும்பாலும் பறிக்கப்படுகிறது. அதற்குத்தான் அது மிகவும் தேவை.

7. கண்டதை எழுதும் பழக்கத்தை உண்டாக்குங்கள்

குழந்தையின் துன்பம் ஒரே நாளில் வெளிப்படுவது அரிது. கணித ஆசிரியர் கண்டது ஒன்று, நூலகர் கண்டது ஒன்று, வாகன ஓட்டுநர் கண்டது ஒன்று என்று சிதறிக் கிடக்கும். இவை ஒரே தாளில் சேரும்போதுதான் பொருள் தருகின்றன. ஆகவே, கால் பக்கத்துக்கு மேற்படாத ஒரு குறிப்புத் தாளை வடிவமைத்து எல்லோரிடமும் கொடுங்கள்: நாள், நேரம், இடம், கண்டது, கேட்டது, எழுதியவர்.

புதியவர்கள் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "சோம்பேறியாகிவிட்டான். கவனமே இல்லை. வீட்டில் கண்டிப்பு இல்லை என்று நினைக்கிறேன்." இதில் கண்டது என்று எதுவும் இல்லை, மூன்றுமே தீர்ப்புகள். இதே மாணவனைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டு வாரமாகத் திங்களும் செவ்வாயும் முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிறான். புதன்கிழமையிலிருந்து விழிப்பாக இருக்கிறான். முன்பு இடைவேளையில் பந்து விளையாடுவான். இப்போது வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறான். சட்டையின் கைப்பொத்தானை வெயிலிலும் கழற்றுவதில்லை."

இரண்டாவது குறிப்பைப் படித்தவுடன் கேள்விகள் எழுகின்றன. வார இறுதியில் அவன் எங்கே இருக்கிறான்? இரவில் வேலைக்குப் போகிறானா? கையில் காயம் இருக்கிறதா? முதல் குறிப்பு கேள்வி எதையும் எழுப்பாமல் கதவைச் சாத்திவிடுகிறது. பயிற்சியின்போது ஆசிரியர்களிடம் ஒரு சோதனை வையுங்கள்: எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதை ஒரு நிழற்படக் கருவியோ ஒலிப்பதிவுக் கருவியோ பதிவுசெய்திருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்த வாக்கியம் குறிப்பில் வேண்டாம்.

வருகைப் பதிவேட்டையும் இதே கண்ணோடு படியுங்கள். மொத்த வேலை நாட்களில் 10 சதவீதம் விடுபட்டால் அதைத் தொடர் வருகையின்மை என்று பல கல்வி அமைப்புகள் கணக்கிடுகின்றன. 200 வேலை நாட்கள் கொண்ட ஆண்டில் அது 20 நாள். அதாவது மாதத்துக்கு இரண்டு நாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வருவதால் யார் கண்ணையும் உறுத்தாது. எந்தக் கிழமை, எந்தத் தேர்வுக்கு முன், எந்தப் பாடவேளை உள்ள நாள் என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் புலப்படும்.

தரப்படுத்தப்பட்ட வினாத்தாள்களை இதற்குப் பிறகே எண்ணிப் பார்க்கலாம். 1997-இல் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் வெளியிட்ட, 25 கூற்றுகள் கொண்ட பலமும் சிரமமும் பற்றிய வினாத்தாள் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அது நோயைக் கண்டறியும் கருவியன்று, மேலும் கவனிக்க வேண்டியவர்களை வடிகட்டும் கருவி. விடைகளைப் பார்த்து அதே வாரத்தில் செயல்பட ஆளில்லாத பள்ளி அதை நடத்தாமல் இருப்பதே நல்லது.

8. பேசும் முறையைப் பயிற்சி செய்யுங்கள்

இப்போதுதான் "சொல்லுங்கள்" என்று அழைக்கும் தகுதி பள்ளிக்கு வருகிறது. உலக சுகாதார அமைப்பு 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நெருக்கடியில் இருப்பவருக்கு உதவுவதை மூன்று செயல்களாகச் சுருக்குகிறது: பார், கேள், இணை. அறிவுரை கூறு என்பது அதில் இல்லை.

கண்டதிலிருந்து தொடங்குங்கள்: "சில நாளாக இடைவேளையில் நீ வெளியே வருவதில்லை என்று கவனித்தேன். எப்படி இருக்கிறாய்?" பிறகு காத்திருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப ஆசிரியர் அவசரப்படுவதே மிகப் பரவலான பிழை. "ஏன்" என்று தொடங்கும் கேள்வி விசாரணையாக ஒலிக்கும். "என்ன நடந்தது", "அப்புறம்" ஆகியவை போதும். "அவர் உன்னை அடித்தாரா?" என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது, பிற்பாடு முறையான விசாரணை நடந்தால் அது குழந்தையின் சொல்லையே பலவீனமாக்கிவிடும்.

கொடுமை நடந்ததாகக் குழந்தை சொன்னால் நான்கு செயல்கள் வேண்டும்: அமைதியாகக் கேட்டு முடித்தல், "நீ சொன்னது நல்லது, இதில் உன் தவறு இல்லை" என்று கூறுதல், குழந்தையின் சொற்களிலேயே உடனே எழுதுதல், அன்றே பொறுப்பாளரிடம் சேர்த்தல். குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் கூப்பிட்டுக் கேட்பது ஆசிரியர் வேலையன்று. காயத்தைப் படமெடுப்பதும் வேலையன்று.

தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. கேட்பது எண்ணத்தைத் தூண்டாது. மனச்சுமையைக் குறைக்கவே உதவும் என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. ஆம் என்று பதில் வந்தால் குழந்தையைத் தனியே விடாமல், மூன்றாம் படியில் வரைந்த பாதையை அந்த நிமிடமே தொடங்குங்கள்.

9. எல்லோருக்கும், சிலருக்கு, ஒருசிலருக்கு என்று உதவியை அடுக்குங்கள்

பாதுகாப்பான இடம், பெயர் தெரிந்த பெரியவர், விளையாட்டு, வாழ்க்கைத் திறன் வகுப்பு ஆகியவை எல்லாக் குழந்தைகளுக்கும். காலையிலும் மாலையிலும் ஒரு பெரியவரோடு ஐந்து நிமிடம் பேசி அன்றைய நாளைத் திட்டமிடுவது, சிறு குழுவாகச் சந்திப்பது போன்றவை சிலருக்கு. தனித்திட்டமும் வெளி மருத்துவ உதவியும் ஒருசிலருக்கு.

முதல் அடுக்கு இல்லாமல் மூன்றாவதைத் தொடங்கும் பள்ளியில் ஆலோசகர் அறை வாசலில் எப்போதும் வரிசை நிற்கும். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. 700 மாணவர்கள் உள்ள மேல்நிலைப் பள்ளியில் அது 100 பேர் அளவுக்கு வரக்கூடும். ஓர் ஆலோசகர் அத்தனை பேரையும் தனித்தனியே பார்க்க முடியாது.

10. வாழ்க்கைத் திறனைக் கால அட்டவணைக்குள் கொண்டுவாருங்கள்

உணர்வை அடையாளம் காண்பது, கோபத்தைக் கையாள்வது, மறுப்பைச் சொல்வது, சண்டையைப் பேசித் தீர்ப்பது ஆகியவை பயிற்சியால் வருபவை. இந்த வகைத் திட்டங்கள் 213-ஐ, 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளோடு 2011-இல் ஆராய்ந்த உளவியலாளர் ஜோசப் டர்லாக் குழுவினர், பலன் தந்தவற்றில் நான்கு பண்புகளைக் கண்டனர்: ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பாட வரிசை, செய்து கற்கும் முறை, அதற்கெனவே ஒதுக்கிய நேரம், எந்தத் திறன் என்பதில் தெளிவு. அத்திட்டங்களில் பங்கேற்றவர்களின் படிப்பும் மேம்பட்டிருந்தது. "இதனால் பாட நேரம் வீணாகும்" என்று கவலைப்படும் பெற்றோரிடம் இதைச் சொல்லலாம்.

வாரம் ஒரு பாடவேளை போதும். ஆனால் தேர்வு நெருங்கும்போது முதலில் பலியாவது அதுவே. மனஅழுத்தம் கூடும் வாரங்களில் அதைப் பறிப்பது தலைகீழான செயல் என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

11. பெற்றோரை முறையீட்டுக்கு முன்பே சந்தியுங்கள்

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் புகார்தான் என்று பெற்றோர் பயந்து வரும் நிலையில் எதையும் பேச முடியாது. ஆண்டின் முதல் மாதத்தில், குழந்தை செய்த நல்ல செயல் ஒன்றைச் சொல்வதற்காக மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை அழைத்துவிடுங்கள். பிறகு கவலையைப் பேச நேரும்போது தீர்ப்புகளை விட்டுவிட்டுக் குறிப்பிலுள்ள கண்ட செய்திகளை மட்டும் சொல்லி, "வீட்டில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். தினக்கூலிக்குப் போகும் பெற்றோருக்கு வேலை நேரத்தில் சந்திப்பு வைத்துவிட்டு, அக்கறையில்லாதவர்கள் என்று முடிவுகட்டாதீர்கள். வீட்டிலிருப்பவரே தீங்கு செய்பவர் என்ற ஐயம் இருந்தால் மட்டும் இந்தப் படியை நிறுத்தி, குழந்தைப் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டலுக்குக் காத்திருக்க வேண்டும்.

12. ஆசிரியர்களுக்கும் பேச இடம் கொடுங்கள்

கனமான செய்தியைக் கேட்ட ஆசிரியர் அதே முகத்தோடு அடுத்த வகுப்புக்குப் போகக் கூடாது. அந்தப் பாடவேளையை வேறொருவர் எடுக்கட்டும்; பொறுப்பாளர் அவரோடு பதினைந்து நிமிடம் உட்காரட்டும்.

13. பருவ இறுதியில் சரிபாருங்கள், ஆண்டு இறுதியில் கைமாற்றுங்கள்

எத்தனை நிகழ்ச்சிகள் நடத்தினோம் என்று எண்ணாதீர்கள். புள்ளி இல்லாத பெயர்கள் எத்தனை குறைந்தன, தொடர் வருகையின்மை எவ்வளவு மாறியது, வரைபடத்தில் சிவப்பு எங்கே நகர்ந்தது, எழுதிய குறிப்புகளில் எத்தனைக்குப் பதில் போனது என்று பாருங்கள். முதல் ஆண்டில் குறிப்புகளின் எண்ணிக்கை கூடும். முன்பு யாருக்கும் தெரியாதிருந்த துன்பங்கள் இப்போது தெரியவருவதே காரணம். அதைப் பார்த்து, பள்ளி கெட்டுவிட்டது என்று நிர்வாகம் பதறாமல் இருக்க, இதை முதலிலேயே எடுத்துச் சொல்லி வையுங்கள்.

வகுப்பு மாறும்போது பெரும்பாலான பள்ளிகளில் எல்லாம் மறந்துபோகும். ஆண்டு இறுதியில் பழைய வகுப்பாசிரியரும் புதிய வகுப்பாசிரியரும் பொறுப்பாளர் முன்னிலையில் சந்தித்து, குழந்தைக்கு என்ன உதவுகிறது, யாரோடு நெருக்கம், எதைத் தவிர்க்க வேண்டும் என்ற மூன்றையும் பேசட்டும். பழைய தண்டனைகளின் பட்டியல் கைமாற வேண்டியதில்லை. குறிப்புத் தாள்கள் பொறுப்பாளரின் அலமாரியிலேயே இருக்கட்டும். மாணவர் பள்ளியை விட்டுப் போன பின் எத்தனை ஆண்டு அவற்றை வைத்திருப்பது, யார் அழிப்பது என்பதையும் இரண்டாம் படியில் எழுதிய அந்த ஒரு பக்க விதியில் சேர்த்துவிடுங்கள்.